கடைசி ஆளுக்குப் பின்னால்

கடைசி ஆளை முந்தக்கூடாது. அதுதான் சட்டம். ஊர் ஓட்டக் கழகத்தின்ர தலைவி ஜொசியான் காலமை கோப்பிக் கோப்பையும் கையுமா நிண்டு, தோடம்பழச் செம்மஞ்சள் நிற மேலங்கியைக் குணரத்தினத்தின்ர தோளில போட்டுவிடேக்க ரெண்டு தரம் சொன்னவ. என்ன நடந்தாலும் கடைசியா ஓடுற ஆளுக்குப் பின்னாலதான் வரவேணும், வழிகாட்ட மரங்களில கொழுவியிருக்கிற நிறத்துணிப் பட்டியளை ஒவ்வொண்டாக் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கொண்டு வரவேணும், உனக்குப் பின்னால காட்டில ஒரு சீவன் மிஞ்சக்கூடாது எண்டு. மனுசன் ஓமோம் எண்டு தலையாட்டினார். கடைசி ஆள் ஆரெண்டு அப்பவே எல்லாருக்கும் தெரியும். ஜொசியானுக்குத் தெரியும், கோப்பி ஊத்தின பெட்டைக்கும் தெரியும். தவமலர், அவற்ற மனுசி. இப்ப அந்தா, பத்தடி முன்னால, நாவல் நிறச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாப் போறா. ஓடுறா எண்டு சொல்லேலாது, நடக்கிறா எண்டு சொன்னா அவவுக்குக் கோவம் வரும், ரெண்டுக்கும் நடுவில ஏதோ ஒண்டு. மற்றச் சனமெல்லாம் எப்பவோ மறைஞ்சிட்டுது, இந்த மொர்வான் காட்டில இப்ப இவை ரெண்டுபேரும்தான். பிரான்சின்ர நாட்டுப்புறத்தில ஓடுறதுக்கு இதைவிட அழகான பாதை கிடையாதாம், நோட்டீசில அடிச்சிருக்கினம். பாசி பிடிச்ச கல்லுமதில், வெள்ளை மாடுகள், பெண்டுகள் ஒருகாலத்தில உடுப்புத் தோய்ச்ச கல்லுத்தொட்டி, பாதி வழியில ஒரு குன்று, குன்றுக்கு மேல ஒரு சின்னத் தேவாலயம். கண்டறியாத அழகு. அந்தத் தேவாலய வாசலிலதான் மறிப்பு வைச்சிருக்கினம். பதினொண்டரைக்குப் பிறகு வாற ஆளை அங்காலை விடமாட்டினம், நெஞ்சில குத்தியிருக்கிற நம்பரைக் கழட்டி, ஆளைக் காரில ஏத்திக் கீழ கொண்டுபோடுவினம். தும்புத்தடிக் கார் எண்டு அதுக்குப் பேர், கடைசியாக் கிடக்கிறதைக் கூட்டி அள்ளுறதாம். நம்பரைக் கழட்டுறது ஆர்? கடைசி ஆளுக்குப் பின்னால வாற ஆள். குணரத்தினம்.

மணி பாக்கக்கூடாது எண்டு நினைச்சுக்கொண்டே மணி பாத்தார். இன்னும் நேரம் கிடக்கு, கொஞ்சம் கிடக்கு, கெதியா நடந்தாக் காணும். மலர், கொஞ்சம் எட்டி வையும் எண்டு சொல்லுவமோ? வேண்டாம். சொன்னா எட்டி வைப்பா, அதுதான் பயம். ஒரு பட்டி, ரெண்டு பக்கமும் மரக் கிளிப் போட்டு உடுப்புக் காயப்போட்ட மாதிரி கொப்பில தொங்குது, கழட்டினார், பைக்குள்ள போட்டார், நிமிர்ந்து பாத்தா அவவின்ர முதுகு. இதென்ன கோதாரி, இந்த முதுகை எனக்குத் தெரியாதே எண்டு மனுசனுக்குத் திடுக்கிட்டுப் போச்சு. கலியாணம் கட்டின நாள் தொட்டு முன்னால போறது அவர், பின்னால வாறது அவ. கோயிலுக்குப் போனாலும் சரி, செத்தவீட்டுக்குப் போனாலும் சரி, பாரிசுக்கு வந்து லாச்சப்பல் தமிழ்க்கடையளில மரக்கறி வாங்கப் போனாலும் சரி, அவர் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கொண்டு முன்னால போவார், செருப்புச் சத்தம் பின்னால வரும், சத்தம் வருதெண்டா அவவும் வாறா, திரும்பிப் பாக்கிற வழக்கமே இல்லை. இந்த ஊருக்கு வந்த புதுசில ஜொசியான்கூடக் கேட்டவ, ஏன் உன்ர மனுசி எப்பவும் உனக்குப் பின்னால வாறா எண்டு. பாதை ஒடுக்கம் எண்டு சொல்லிச் சமாளிச்சார். அது அகலமான றோட்டு, பக்கத்தில ரெண்டு லொறி போகும். இப்ப சட்டம் மாறிப்போச்சு, இவர் பின்னால, அவ முன்னால. அதாலதானே இதெல்லாம் கண்ணில படுகுது. இடப்பக்கத் தோள் பதிஞ்சு கிடக்கு, எப்பவிருந்து? மருந்துக்குக் கொட்டுண்ட மயிர் திரும்ப முளைச்சுப் பள்ளிக்கூடப் பெடியன்ர தலை மாதிரி நிக்குது, அதுக்குக் கீழ பிடரியில ரெண்டு நரம்பு, நடுவில ஒரு குழி, அந்தக் குழிக்குள்ள ஒரு விரல் வைக்கலாம். சேட்டு முதுகில ஒட்டேல்லை, வேர்க்கேல்லை, இவ்வளவு நடந்தும் வேர்க்கேல்லை. வலது கால் தூக்கி வைக்கிற கால் இல்லை, இழுபடுற கால். சருகில கோடு விழுந்துகொண்டு போகுது, அந்தக் கோட்டிலதான் இவர் மிதிச்சு வாறார். முகத்துக்கு முன்னால இருந்தா அவ சிரிப்பா, தேத்தண்ணி போடட்டோ எண்டு கேப்பா. முகம் அவவின்ர சொல்லுக் கேக்குது, முதுகு கேக்காது போல.

மார்பில வெட்டியெடுத்த புற்றுநோய் திரும்பி வந்தது அவவுக்குத் தெரியாது. தெரியவிடாமல் வைச்சிருக்கிறது இவர். பெரியாஸ்பத்திரி டொக்டர் நல்ல மனுசன், கதிரையை மேசைக்கு இஞ்சால இழுத்துப் போட்டுக்கொண்டு, இவரைப் பாக்காமல் அவவின்ர முகத்தைப் பாத்துத்தான் பிரெஞ்சில சொன்னவர். ஈரலுக்கும் பரவீட்டுது, முள்ளந்தண்டுக்கும் பரவீட்டுது, இனி மருந்து குடுத்தா மருந்துதான் ஆளைத் தின்னும், நிப்பாட்டுவம், நோகாமல் பாத்துக்கொள்ளுவம், வாற மாரிக் குளிரைத் தாண்டுறது கஷ்டம். சொல்லிப்போட்டு இவரைப் பாத்தார், இனி நீ சொல்லு எண்டு. தவமலரும் பாத்தா. பரீட்சை மறுமொழிக்கு நிக்கிற பிள்ளை மாதிரி ஒரு பார்வை. என்னவாம்? என்னவாம் எண்டு கேட்டா. குணரத்தினத்தின்ர வாய் தன்ர பாட்டில திறந்து, சுகமாப் போச்சாம், இனி மருந்து தேவையில்லையாம் எண்டு சொல்லிப்போட்டுது. சொன்னது தானோ எண்டு அவருக்கே தெரியேல்லை. அவ எழும்பி நிண்டு டொக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டா, மெர்சி மெர்சி எண்டா, முகம் முழுக்கச் சிரிப்பு. டொக்டரின்ர கண் கலங்கிப்போச்சு. உன்ர மனுசி பெரிய தைரியசாலி, இப்பிடி ஒருத்தரை நான் கண்டதில்லை எண்டு இவற்ற கையைப் பிடிச்சுக் குலுக்கினார். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறது எண்டு ஊரில சொல்லுவினம். இது பூசணித் தோட்டத்தையே மறைச்ச கதை. வீட்டை வந்த உடன அவ யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்துத் தங்கச்சிக்குச் சொல்லி, தங்கச்சி நல்லூர்க் கோயிலில தேங்காய் அடிச்சு, அந்தத் தேங்காய் அடிச்ச படம் போனில வந்து, அதை இவருக்குக் காட்டினா. மனுசன் படத்தைப் பாத்து, நல்ல தேங்காய் எண்டார்.

பழக்கதோசம்தான், வேறென்ன. பிரான்சுக்கு வந்து இவ்வளவு காலத்தில அவவுக்குப் பிரெஞ்சு பிடிபடேல்லை, பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிற வேலைக்கு வாளி, துணி, வணக்கம், நன்றி காணும். மிச்சமெல்லாம் இவற்ற வாயாலதான் அவவுக்குப் போகும், இவற்ற வாயாலதான் வெளிய வரும். அதுக்குள்ள ஒரு கரண்டி சீனி போடுறது இவருக்கு எப்பவும் வழக்கம். முதல் இருந்த வீட்டில பக்கத்துவீட்டுக் கிழவி ஒருநாள் கதவில தட்டி, நீங்கள் பொரிக்கிற மணம் என்ர வீட்டுத் திரைச்சீலையில பிடிக்குது, சகிக்கேலாது எண்டு கத்திப்போட்டுப் போனவ. என்னவாம் எண்டு தவமலர் கேக்க, உம்மட கறி மணக்குதாம், பசியைக் கிளப்புதாம் எண்டு இவர் சொன்னார். உடன அவ ஒரு கோப்பையில கோழிக்கறி எடுத்துக்கொண்டு கிழவியின்ர வீட்டுக்குப் போயிட்டா, தடுக்க நேரமில்லை. கிழவி திகைச்சுப்போய் வாங்கி, சாப்பிட்டு, பிறகு சாகுமட்டும் ஒவ்வொரு ஞாயிறும் கோப்பையை நீட்டினவ. அண்டைக்குப் பொய் உண்மையாப் போச்சே. அது ஏன் நடந்தது? நடக்காமல் விட்டிருக்கலாமே. நடந்தபடியாத்தானே இந்த வாய்க்குத் துணிவு வந்தது. இதுவும் அப்பிடி ஆகாதோ, சுகமாப் போச்சு எண்டு சொல்லச் சொல்ல ஈரல் கேட்டுக்கொண்டிருந்து, சரி சரி எண்டு அடங்கிப் போகாதோ? விசர். ஈரலுக்குத் தமிழ் தெரியுமோ? ஆனா அவ மருந்து நிண்ட மூண்டாம் நாள் ஜொசியானிட்டப் போய், கையாலயும் காலாலயும் காட்டி, நானும் ஓடப்போறன் எண்டு பேர் குடுத்தா. ஓடி முடிச்சா எனக்கு மாறீட்டுது எண்டு நானே நம்புவன், இல்லாட்டி உங்கட சொல்லை மட்டும்தானே நம்பிக்கொண்டிருக்கிறன் எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னா. அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பெண்டு இவர் அண்டைக்கு யோசிக்கேல்லை. யோசிக்கப் பயம்.

மதில் முடிஞ்சு மேய்ச்சல்வெளி வந்தது. பனிப்புகார் இன்னும் எழும்பேல்லை, வெள்ளை மாடுகள் அரைவாசி உடம்போட நிண்டு இவையை வடிவாப் பாத்துதுகள். இதில பாதை ரெண்டாப் பிரியும். பட்டி தொங்கிற பாதை வலப்பக்கம் கீழ இறங்கி, கல்லுத்தொட்டியைச் சுத்தி, காட்டுக்குள்ளால குன்றுக்கு ஏறும். இடப்பக்கம் மாட்டுப்படலையைத் திறந்தா நேர குன்றுதான், பாதித் தூரம் குறையும். நேற்று இந்தப் பாதி வழிக்குப் பட்டி கொழுவ வந்தபோதே இதைக் கண்டுவைச்சவர். இவர்தானே பட்டியின்ர அதிகாரி, வலப்பக்கத்தில தொங்கிறதைக் கழட்டி இடப்பக்கத்தில கொழுவினா ஆருக்குத் தெரியும்? மலர், இஞ்சாலயாம் எண்டு ஒரு சொல்லு. இன்னுமொரு கரண்டி சீனி. அவ நேரத்துக்குப் போய்ச் சேருவா, மறிப்பைத் தாண்டுவா, சந்தோசப்படுவா. தாண்டினா? தாண்டினா அங்கால இன்னும் பெரிய ஏற்றமாம், வழுக்கல் கல்லு, ஆறு மாதிரித் தண்ணி ஓடுற இறக்கம், அதில இந்தக் கால் என்ன செய்யும்? முள்ளந்தண்டு இத்துப்போச்செண்டு டொக்டர் படத்தில காட்டினவர், விழுந்தா முறியும் எண்டவர். அப்ப நேரத்துக்குப் போகக்கூடாது. போகாட்டில் நம்பரைக் கழட்டவேணும், கழட்டினா அவவின்ர நம்பிக்கையும் சேந்து கழண்டுபோம். பிள்ளையாரே, நான் உன்னட்ட என்னத்தைக் கேக்கிறது, போகச்சொல்லியோ, போகவிடாமலோ? வாயைத் திறந்தார். அதுக்குள்ள தவமலர் வலப்பக்கம் இறங்கீட்டா.

"மலர், கொஞ்சம் நில்லும்."

"ஏன், பட்டி இஞ்சாலதானே கிடக்கு?" அவ திரும்பேல்லை.

"ஓம், இஞ்சாலதான். சும்மா கூப்பிட்டனான்."

"சும்மா கூப்பிட இதென்ன கடற்கரையே? வாங்கோ."

இறக்கத்தில கை இடுப்புக்குப் போச்சு. ஆரும் காணேல்லை எண்டு நினைக்கிறபோது வைக்கிற கை அது, பெருவிரலால எலும்புக்குப் பக்கத்தில அமத்திப் பிடிக்கிற கை. பின்னால வாறது நான்தானே, எனக்கே ஒளிக்கிறாவோ? இல்லாட்டி நான் வாறதை மறந்துபோனாவோ? நோகுதோ எண்டு கேட்டார். ஓடுறாக்களுக்கு நோகாதே, ஜொசியானுக்கும் முழங்கால் நோகுதெண்டு தொட்டுக் காட்டினவ எண்டு சொன்னா, மூச்சு நடுவில அறுந்து அறுந்து வந்தது. கல்லுத்தொட்டியில தண்ணி கண்ணாடியாக் கிடக்கு, அதில ஒரு பழுத்த இலை சுத்திக்கொண்டு நிக்குது. நோட்டீசில இதைத்தான் பெரிசாப் படம் போட்டிருந்தவை, எங்கயிருந்தோ எல்லாம் காசைக் கட்டி வந்து சனம் இதில நிண்டு படம் எடுக்குதாம். அவவும் நிண்டா. குனிஞ்சு தண்ணியைத் தொட்டு முகத்தில தடவிக்கொண்டு, எவ்வளவு குளிர்ச்சி எண்டா. நேரம் போகுது மலர் எண்டு சொல்ல வந்து, சொல்லேல்லை. நிக்கட்டும். இதிலயே நிக்கட்டும், நானும் பின்னால நிக்கிறன், ஆரும் வந்து கேக்கமாட்டினம், எங்களுக்குப் பின்னால ஒரு ஆள் இல்லை. ஒரு விசர் நினைப்பு வந்தது, நாங்கள் இப்பிடியே நிண்டா மாரி எப்பிடி வரும் எண்டு.

ஏற்றம் துவங்கிச்சுது. இந்த ஊரில தமிழ் தெரிஞ்சது ரெண்டு சீவன். ஒண்டு போனா மற்றதுக்கு அது பாஷை இல்லை, மண்டைக்குள்ள கேக்கிற வெறும் சத்தம். பிள்ளைகுட்டியும் இல்லை. வேலை செய்யிற முதியோர் இல்லத்துக் குசினியில கோப்பை கழுவேக்க பக்கத்தில நிக்கிறவன் பந்தாட்டம் கதைப்பான், இவர் ஓமெண்டுவார். பிறகு வீட்டை வந்து திறப்பைப் போட்டுத் திறந்து, ஆரிட்ட என்னத்தைச் சொல்லுறது? உள்ளுக்க வந்து சப்பாத்தைக் கழட்டுங்கோ எண்டு கத்த ஆர் இருக்கினம்? சீ, மனுசி உயிரோட முன்னால போகுது, நான் என்ர பாட்டைப் பாக்கிறன், எனக்கு இதயமே இல்லையோ எண்டு தன்னையே ஏசினார். ஏசிப்போட்டுத் திரும்பவும் அதையேதான் நினைச்சார். அவ ஒரு மரத்தைப் பிடிச்சா, பிறகு அடுத்த மரத்தை. மரத்துக்கு மரம் கை மாறுறா. பாசியில விரல் பதிஞ்ச அடையாளம் கிடந்தது, பட்டியைக் கழட்டேக்க அதையும் ஒருக்காத் தொட்டுப் பாத்தார். மேல எங்கயோ மணி அடிச்சது. எத்தினை தரம் எண்டு எண்ணேல்லை. எண்ணத் தேவையில்லை, தாண்டீட்டுது.

தேவாலய வாசலில ஒரு மடக்கு மேசை, தோடம்பழத் துண்டுகள், காத்துப்போன கோலாப் போத்தல், பக்கத்தில வயசான ஒருத்தர் காருக்குள்ள சாஞ்சிருந்து ரேடியோ கேக்கிறார். ஜொசியான் இவையைக் கண்டோடன கைதட்டினா, பிராவோ பிராவோ எண்டு ஓடிவந்து தவமலரின்ர தோளைப் பிடிச்சா. பிறகு மணிக்கூட்டைப் பாத்தா, காரைப் பாத்தா, குணரத்தினத்துக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினா. நேரம் கொஞ்சம் போயிட்டுதுதான், ஆனா நான் பாக்கேல்லை எண்டு வை, அவ போகட்டும், முடிக்கட்டும், ஆருக்கும் சொல்லாத எண்டு கண்ணைச் சிமிட்டினா. நல்ல பொம்பிளை, அவவுக்கு ஒண்டும் தெரியாது. தவமலர் மேசையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. உதடு நீலம் பாரிச்சுப் போச்சு, வலது கால் நிலத்தில முட்டேல்லை, நுனிவிரலில ஊண்டியிருக்கு. அந்தக் கால் நடுங்கிறதை ஜொசியான் காணேல்லை. பின்னால நிண்டவர் கண்டார்.

"என்னவாம்?" தவமலர் கேட்டா.

போகலாமாம். ஒரு சொல்லுத்தானே, போகலாமாம் எண்டு சொன்னா முகம் மலரும், பிறகு அங்கால அந்த வழுக்கல் கல்லு.

"நேரம் முடிஞ்சுதாம்," எண்டார் குணரத்தினம். "நம்பரைக் கழட்டவேணுமாம்."

அவ கொஞ்சநேரம் ஜொசியானின்ர சிரிச்ச முகத்தைப் பாத்தா, பிறகு இவற்ற முகத்தைப் பாத்தா. சரி, கழட்டுங்கோ எண்டு நாடியை உயத்திக் குடுத்தா. நாலு மூலையிலயும் நாலு பின். முதல் பின் சுகமாக் கழண்டுது, ரெண்டாவது சேட்டில கொழுவுண்டுபோச்சு, அவவே தன்ர கையால துணியை இழுத்துப் பிடிச்சுக் குடுத்தா. துணிக்குப் பின்னால ஒருபக்கம் வெறும் எலும்பு, வெட்டின பக்கம், விரலில பட்டுது. ஜொசியானுக்கு ஒண்டும் விளங்கேல்லை, அவவே வேண்டாமெண்டு சொல்லீட்டா போல எண்டு நினைச்சு, பாவம் எண்டு தலையாட்டிக்கொண்டு நிண்டா.

"இவவுக்கு ஒண்டு சொல்லுங்கோ," எண்டா தவமலர். "வாற வருசம் நான் கட்டாயம் வருவன் எண்டு. இப்பவே என்ர பேரைப் போட்டு வைக்கச் சொல்லுங்கோ."

குணரத்தினம் சொன்னார். சீனி போட இடமில்லை, தண்ணி ஊத்தவும் இடமில்லை, ஒவ்வொரு சொல்லா எடுத்து அப்பிடியே வைச்சார். வாற வருசம் அவ கட்டாயம் வருவா. இப்பவே பேரைப் போட்டு வை. இந்த நாட்டுப் பாஷையில அவர் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒண்டும் சொன்னதில்லை. ஜொசியான் பெரிசாச் சிரிச்சு, முதல் பேர் உன்ர பேர்தான் எண்டு தவமலரின்ர ரெண்டு கன்னத்திலயும் கொஞ்சினா. தவமலர் காருக்குள்ள மெல்ல ஏறி இருந்தா, காலை ரெண்டு கையாலயும் தூக்கி உள்ளுக்க வைச்சா. கதவைச் சாத்த வந்தவரைப் பாத்துக் கேட்டா.

"நான் சொன்னதை அப்பிடியே சொன்னனீங்களோ?"

"ஓம்."

"ஒண்டும் கூட்டிக் குறைக்கேல்லைத்தானே?"

"இல்லை மலர். அப்பிடியேதான்."

"பின்னை சரி," எண்டுபோட்டு அவ மற்றப்பக்கம் திரும்பிக் கண்ணாடிக்கு வெளிய பாத்தா. கார் இறக்கத்தில இறங்கிப் போச்சு, ரேடியோச் சத்தம் கொஞ்சநேரம் கேட்டுது.

ஜொசியான் மேசையை மடக்கிக்கொண்டு, நீ போ, மிச்சப் பட்டியளையும் கழட்டிக்கொண்டு வா, கீழ சந்திப்பம் எண்டா. ஓம், பட்டி இன்னும் கிடக்கே, பாதி வழி கிடக்கே. குணரத்தினம் அங்கால இறங்கினார். வழுக்கல் கல்லு வந்தது, தண்ணி ஓடுற இறக்கம் வந்தது, அவர் பயந்த அளவுக்கு இல்லை, ஒரு கையைப் பிடிச்சிருந்தாத் தாண்டியிருக்கலாம். தாண்டியிருப்பா. முன்னால பாதை வெறுமையாக் கிடந்தது. இப்ப எவ்வளவு கெதியாவும் ஓடலாம், மறிக்க ஆருமில்லை. கால் ஓடேல்லை, அந்த இழுபடுற கால் போன வேகத்திலயே போச்சு, அதைவிடக் கூடப் போக அதுக்கு மறந்துபோச்சு. அப்பிடியே சொன்னனீங்களோ. இவ்வளவு காலத்தில, எத்தினை அரசாங்கக் கந்தோர், எத்தினை கடை, எத்தினை டொக்டர், ஒருநாளும் கேக்காத கேள்வி. ஏன் இண்டைக்குக் கேட்டவ? ஜொசியான் சிரிச்ச சிரிப்பும் நான் சொன்ன சொல்லும் ஒண்டோடொண்டு பொருந்தேல்லை எண்டு கண்டிட்டாவோ, அதுமட்டும்தானோ? இல்லை, இல்லை. தன்ர உடம்பு தனக்குச் சொல்லாமலே விட்டிருக்கும்? அந்த எலும்பு ராவெல்லாம் அவவோட என்ன பாஷையில கதைச்சிருக்கும்? தெரியும். அவவுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஓட வந்தவ, தெரிஞ்சுகொண்டுதான் வாற வருசம் எண்டவ, தெரிஞ்சுகொண்டுதான் ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னால சிரிச்சவ. நான் அவவுக்காகச் சுமக்கிறன் எண்டு நினைச்சன். என்னத்தைச் சுமந்தன்? ஆஸ்பத்திரியால வந்த நாள் துவங்கி அவ பக்கத்தில படுத்துக்கொண்டு தனியப் பயந்திருக்கிறா. என்னட்டச் சொல்லி அழக்கூட நான் இடம் விடேல்லை. மனுசனுக்கு அதுக்கங்கால நடக்கேலாமல் போச்சு, பாதையில குந்தி இருந்து, காட்டில ஆருமில்லை எண்ட துணிவில ஐயோ எண்டு வாய்விட்டு அழுதார். அழுது முடியேல்லை. எண்டாலும் அடுத்த பட்டி கண்ணுக்கு முன்னால தொங்கிக்கொண்டிருந்தது, எழும்பிப் போய்க் கழட்டினார்.